105 அடிப்பவர் மோசமான ஆட்டக்காரரா?

கேள்வி:

எனக்கு 52 வயது. சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். மூன்று வருடமாக ஞாயிறு காலையில் மட்டும் கோல்ஃப் ஆடுகிறேன். நான் ஆடும் மைதானம் பார் 72. வெள்ளை டீயிலிருந்து சுமார் 6,300 யார்டு. அட்டையில் கோர்ஸ் ரேட்டிங் 71, ஸ்லோப் 120 என்று போட்டிருக்கிறது. டிரைவர் சரியாகப் பட்டால் 190, 200 யார்டு போகும். என் ஸ்கோர் 98-க்கும் 110-க்கும் நடுவே அலைகிறது. சராசரி போட்டால் 104, 105 வரும். ஒரே ஒருமுறை 96 அடித்திருக்கிறேன்.

கிளப்பில் யாரைக் கேட்டாலும் “90 பக்கம் வரும் சார்” என்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் 80-ஐ உடைப்பது எப்படி என்றுதான் எல்லோரும் பாடம் நடத்துகிறார்கள். உண்மையில் ஒரு சாதாரண அமெச்சூர் எவ்வளவு அடிப்பார்? எனக்குக் கொடுத்திருக்கும் ஹேண்டிகேப் 27. 72-உடன் கூட்டினால் 99. அதை நான் தொடுவதே அபூர்வம். கணக்கில் பிழையா? 90-க்கு வர எதைப் பயிற்சி செய்ய வேண்டும்?

இன்னொன்று: நண்பர்கள் நடத்தும் மேட்ச் ப்ளே போட்டியில் 12 ஹேண்டிகேப் உள்ளவரோடு என்னைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். கௌரவமாக விலகிவிடலாமா?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

விலக வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஹேண்டிகேப்பிலும் பிழை இல்லை. வாரம் ஒருநாள் ஆடி, அடித்த ஷாட்டையெல்லாம் எண்ணி, 105 என்று அட்டையில் எழுதுகிறவர் எந்த நாட்டு மைதானத்திலும் சாதாரணமாகக் காணக் கிடைக்கும் ஆள்தான்.

முதலில் அந்த ‘90 பக்கம்’ விஷயம். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ தரும் கணக்குப்படி, அங்கே ஹேண்டிகேப் வைத்திருக்கும் ஆண்களின் சராசரி சுமார் 14, பெண்களின் சராசரி சுமார் 28. 14 உள்ள ஒருவர் உங்கள் மைதானத்தில் வழக்கமான ஒரு நாளில் 90-ஐ ஒட்டித்தான் முடிப்பார். உங்கள் கிளப் நண்பர்கள் சொல்வதோடு இது பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சராசரிக்குள் இருப்பவர்கள் யார்? ஒவ்வொரு ரவுண்டையும் பதிவு செய்யும் அளவுக்கு ஆட்டத்தில் ஊறியவர்கள். விடுமுறைக்கு ஒருமுறை, நண்பர் அழைத்தால் ஒருமுறை என்று ஆடும் பெருங்கூட்டம் ஹேண்டிகேப் எடுப்பதே இல்லை. அவர்களையும் சேர்த்தால் சராசரி மேலே ஏறிவிடும். ஆகவே 90 என்பது அக்கறையோடு ஆடுகிற நடுத்தர ஆட்டக்காரரின் ஸ்கோர். கோல்ஃப் ஆடும் எல்லோருடைய சராசரியும் அது இல்லை.

வாயால் சொல்லும் 90-க்கும் அட்டையில் ஏறும் 90-க்கும் இடையில் வேறொரு தூரமும் உண்டு. முதல் டீயில் பந்து புதருக்குள் போனால் “இது கணக்கில் இல்லை” என்று இன்னொன்று அடிப்பது. கிரீனில் நான்கடி பாக்கி இருக்கும்போது “போதும், எடுத்துக்கோங்க” என்று பந்தைக் கையில் எடுப்பது. எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஒரு ஷாட் மட்டும் அபராதம் போட்டுக்கொண்டு முன்னால் போய் வைத்து அடிப்பது. மூன்றும் நடந்த நாளில் ஐந்தாறு ஷாட் சுலபமாகக் காணாமல் போகும். அந்த நான்கடி பட் சின்ன விஷயம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, 2014-இல் வெளியான ‘எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்’ நூலில் இதை அளந்து காட்டியிருக்கிறார். 90 அடிப்பவர் ஐந்தடி பட்டை இரண்டுக்கு ஒருமுறைதான் போடுகிறார். மூன்றடியில்கூட நூற்றுக்கு 16 தவறுகிறது. எட்டடியில் தொழில்முறை ஆட்டக்காரருக்கே பாதிதான் விழுகிறது. நீங்கள் எல்லாவற்றையும் போட்டு முடித்து எண்ணுகிறவர் என்றால், உங்கள் 105-ஐ மற்றவருடைய வாய் 90-உடன் ஒப்பிட்டு வருந்துவதில் அர்த்தமில்லை.

ஹேண்டிகேப் என்பது சராசரி அல்ல

உங்கள் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. முன்பு உலகில் ஆறு வகை ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. 2020-இல் ஆர் அண்ட் ஏ அமைப்பும் யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து அவற்றை ஒரே உலக முறையாக்கின. அதில் உங்கள் கடைசி 20 ரவுண்டுகளை எடுத்து, அவற்றில் சிறந்த 8-ஐ மட்டும் சராசரி செய்கிறார்கள். மீதி 12 ரவுண்டும் கணக்கில் வராது. எனவே 27 என்பது நன்றாக ஆடும் நாளில் உங்களால் முடிவது என்ன என்பதைச் சொல்லும் எண்.

யோசித்துப் பாருங்கள். சிறந்த எட்டின் சராசரி என்றால், அந்த எட்டிலேயே ஏறத்தாழ பாதிதான் அந்த அளவுக்கோ அதைவிட நன்றாகவோ இருக்கும். அதாவது இருபதில் நான்கு, ஐந்துக்கு ஒன்று. ஹேண்டிகேப் அளவுக்கு ஐந்து ஞாயிறில் ஒருமுறை ஆடினாலே அது சரியான ஹேண்டிகேப். வாராவாரம் தன் ஹேண்டிகேப்பை எட்டுகிறவர் இருந்தால் அவருடைய அட்டைகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

72-உடன் நேரடியாகக் கூட்டுவதும் சரியான முறை இல்லை. 27-ஐ ஸ்லோப் 120-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். உங்கள் மைதானத்தில் 28 வருகிறது. எனவே அங்கே நீங்கள் ஹேண்டிகேப்புக்கு ஆடினால் ஸ்கோர் 100. உங்கள் சராசரியான 104, 105 அதிலிருந்து நாலைந்து ஷாட்தான் மேலே. எந்தப் படியில் இருப்பவருக்கும் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். நல்ல ஆட்டக்காரருக்கு இரண்டு மூன்று ஷாட், ஹேண்டிகேப் ஏற ஏற இன்னும் கொஞ்சம் அதிகம்.

கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்பவை எதற்கு? ஒரே ஸ்கோர் எல்லா மைதானத்திலும் ஒரே ஆட்டம் ஆகாது என்பதற்காக. கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் 0 உள்ளவர், அதாவது ஸ்கிராட்ச் ஆட்டக்காரர், அங்கே நன்றாக ஆடினால் எடுக்கும் ஸ்கோர். ஸ்லோப் என்பது ஸ்கிராட்ச் ஆட்டக்காரருக்குத் தருவதைவிட சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதல் தொல்லை தரும் என்பதன் அளவு. 55 முதல் 155 வரை போகும், நடுநிலை 113. உங்கள் மைதானத்தில் ஒருவர் 95 அடித்தால், ஹேண்டிகேப் கணக்கில் அதன் மதிப்பு 22.6. ரேட்டிங் 67, ஸ்லோப் 105 உள்ள ஒரு குட்டையான, சுலபமான மைதானத்தில் அதே 95 அடித்தால் மதிப்பு 30.1. உங்கள் 95-க்கு இணையாக வர அங்கே 88 அடிக்க வேண்டும். வெளியூர் நண்பர் “நான் 88” என்று சொன்னால், எந்த மைதானம், எந்த டீ என்று கேட்டுவிட்டுப் பிறகு வியக்கலாம்.

உங்கள் ஊரிலிருந்து ஊட்டிக்குப் போய் ஆடினால் இன்னொன்றையும் காண்பீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து நூற்றுக்கு எட்டு அளவில் கூடுதலாகப் பறக்கும். அங்கே குறைந்த ஸ்கோர் வந்தால் உடனே மகிழ வேண்டாம். மைதானத்தை மதிப்பிடும்போதே உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெண்களுக்கும் இதே தர்க்கம்தான். ஒரே டீக்கு ஆண்களுக்கு ஒரு ரேட்டிங்கும் பெண்களுக்கு வேறு ரேட்டிங்கும் உண்டு. எனவே ஒரு பெண்மணியின் 100-ஐ உங்கள் 100-உடன் நேராக ஒப்பிட முடியாது, ஹேண்டிகேப்பை ஹேண்டிகேப்புடன்தான் ஒப்பிட வேண்டும். இருபாலருக்கும் உச்ச வரம்பு 54.

எந்தப் படியில் என்ன ஸ்கோர்?

இனி நீங்கள் கேட்டதற்கான பட்டியல். உங்கள் மைதானத்தின் ரேட்டிங்கையும் ஸ்லோப்பையும் வைத்து, மேலே சொன்ன இடைவெளியையும் சேர்த்து, ஒவ்வொரு படியினரும் வழக்கமான நாளில் எங்கே முடிப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறேன்:

ஹேண்டிகேப் 0: 73 – 76
ஹேண்டிகேப் 5: 78 – 81
ஹேண்டிகேப் 10: 83 – 87
ஹேண்டிகேப் 15: 89 – 92
ஹேண்டிகேப் 20: 95 – 98
ஹேண்டிகேப் 27: 103 – 107

இதில் இரண்டைக் கவனியுங்கள். ‘ஸ்கிராட்ச்’ என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் ஆளும் பெரும்பாலான நாட்களில் பாருக்கு மேல்தான் முடிக்கிறார். யூடியூப் சொல்லும் ‘80-ஐ உடைப்பது’ உங்கள் மைதானத்தில் ஹேண்டிகேப் 5 உள்ளவருக்கே எல்லா நாளும் வாய்ப்பதில்லை. அந்தக் காணொளிகள் உங்களை மனதில் வைத்து எடுக்கப்பட்டவை அல்ல.

மூன்று அட்டைகள்

மொத்த ஸ்கோரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், காரணம் தெரியாது. காரணம் தெரிய ஹோல் ஹோலாகப் பிரிக்க வேண்டும். பார் 72-இல் மூன்று மாதிரி அட்டைகள் போட்டுக் காட்டுகிறேன்.

80 அடித்தவர்: பேர்டி 1, பார் 9, போகி 7, டபுள் போகி 1.
90 அடித்தவர்: பார் 5, போகி 8, டபுள் போகி 5.
100 அடித்தவர்: பார் 2, போகி 8, டபுள் போகி 4, ட்ரிபிள் போகி 4.

90 அடித்தவரிடமும் 100 அடித்தவரிடமும் பேர்டி இல்லை. போகியும் இருவருக்கும் எட்டுதான். பத்து ஷாட் வித்தியாசத்தில் பெரும்பகுதி வலது ஓரத்தில், அந்த நான்கு ட்ரிபிளில்தான் உட்கார்ந்திருக்கிறது. 100 அடித்தவர் ஒரு பார் கூடக் கூடுதலாக எடுக்காமல், டபுளையும் ட்ரிபிளையும் மட்டும் போகியாக்கினால் ஸ்கோர் 88. புதிதாக ஒரு அற்புத ஷாட்டும் வேண்டியதில்லை.

இதே உண்மைக்கு இன்னொரு வழியிலும் வரலாம். ஸ்லோப் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லூசியஸ் ரிச்சியோ, அமெச்சூர்களுக்கு ஒரு சூத்திரம் தந்தார். கிரீனை உரிய ஷாட்டில் எத்தனை ஹோல்களில் எட்டினீர்கள் என்று எண்ணி, அதை இரட்டித்து, 95-இலிருந்து கழித்தால் ஏறத்தாழ உங்கள் ஸ்கோர். உரிய ஷாட் என்றால், பார் 4-இல் இரண்டாவது ஷாட்டில், பார் 3-இல் முதல் ஷாட்டில், பார் 5-இல் மூன்றாவது ஷாட்டில் கிரீனில் இருப்பது. மூன்று கிரீன் கிடைத்தால் 89, எட்டு கிடைத்தால் 79. தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பதினெட்டில் பன்னிரண்டு போலக் கிடைக்கும்.

இப்போது பூஜ்யத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரீனைக் கூட உரிய ஷாட்டில் எட்டாதவருக்குச் சூத்திரம் தருவது 95. எல்லா ஹோலிலும் ஒரு ஷாட் தாமதமாகக் கிரீனுக்கு வந்து, இரண்டு பட்டில் முடித்தால் பதினெட்டு போகி, அதாவது 90. நீங்கள் நிற்பது 105-இல். எனவே கிரீனை எட்ட முடியாதது உங்கள் பிரச்சினை இல்லை. எல்லை தாண்டிய பந்து, தண்ணீரில் விழுந்த பந்து, தலையில் பட்டு இருபது யார்டு உருண்ட பந்து, பங்கரிலேயே இரண்டு முறை, கிரீன் ஓரத்திலிருந்து சிப் செய்யப்போய் மறுபக்கம் ஓடியது, மூன்று பட்: உங்கள் பதினைந்து ஷாட் இவற்றில்தான் போகிறது.

எதைப் பயிற்சி செய்வது?

“டிரைவர் ஜம்பம், பட்டிங்தான் பணம்” என்று கிளப்பில் அறிவுரை சொல்வார்கள். பிராடியின் ஆய்வு அதை மறுக்கிறது. 80 அடிப்பவருக்கும் 90 அடிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்டுகளில் வருகிறது. ட்ரிபிள் போகியின் விதையும் பெரும்பாலும் டீயிலோ இரண்டாவது ஷாட்டிலோதான் விழுகிறது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலாவது, டீயை மாற்றுங்கள். யுஎஸ்ஜிஏவும் அமெரிக்க பிஜிஏவும் 2011-இல் நடத்திய இயக்கத்தில் தந்த அளவுப்படி, டிரைவரில் 200 யார்டு அடிப்பவருக்கு ஏற்ற மைதான நீளம் 5,200 முதல் 5,400 யார்டு. நீங்கள் 6,300-இல் ஆடுகிறீர்கள். பிரிட்டனில் அமெச்சூர்களை அளந்தபோது, ஹேண்டிகேப் 6-க்குக் கீழே உள்ள ஆண்கள் சுமார் 240 யார்டும், 6 முதல் 12 வரை உள்ளவர்கள் 220-உம், 13 முதல் 20 வரை 200-உம், 21-க்கு மேல் 180-ஐ ஒட்டியும் அடித்தார்கள். உங்கள் 190, 200 உங்கள் படிக்குக் குறைவே இல்லை, டீதான் பொருந்தவில்லை. முன் டீக்குப் போனால் ரேட்டிங்கும் குறையும், ஹேண்டிகேப் ஏமாறாது. ஆனால் இரண்டாவது ஷாட்டுக்கு எப்போதும் நீளமான உட்டை எடுத்து வீசும் கட்டாயம் போகும்.

இரண்டாவது, 400 யார்டு பார் 4-ஐ உங்களுக்கான பார் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தை மதிப்பிடுகிறவர்களே சாதாரண ஆண் ஆட்டக்காரர், அதாவது போகி கோல்ஃபர், டீயிலிருந்து 200 யார்டு அடிப்பார், 370 யார்டு ஹோலை இரண்டு ஷாட்டில் எட்டுவார் என்றுதான் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் நீளமென்றால் மூன்று ஷாட்தான். இரண்டாவது ஷாட்டில் கிரீனைத் தொட முயல்வதுதான் தண்ணீருக்கும் மரத்துக்கும் அழைத்துப் போகிறது. உங்களுக்குக் கிடைத்துள்ள 28 ஷாட் இதற்காகத்தான். எல்லா ஹோலிலும் ஒன்று, மிகக் கடினமான பத்து ஹோல்களில் இரண்டு. அந்தப் பத்தில் டபுள் போகிதான் உங்களுடைய பார்.

மூன்றாவது, பயிற்சித் தளத்தில் பாதி நேரத்தை ஒரே கிளப்புக்குக் கொடுங்கள். டீயிலிருந்து 170 யார்டு என்றாலும் பத்தில் எட்டு முறை ஃபேர்வேயின் பக்கத்திலாவது விழும் கிளப் எதுவோ அது. குறுகலான ஹோலில் டிரைவருக்குப் பதில் அதை எடுங்கள். எல்லை தாண்டினால் ஒரு ஷாட் அபராதம், மறுபடி அதே இடத்திலிருந்து அடிக்க வேண்டும். இரண்டு ஷாட் போய்விடுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் முப்பது யார்டு அந்த விலைக்குப் பெறாது.

நான்காவதாக, பட்டிங்கில் ஐந்தடி பட்டைப் போட வேண்டும் என்று மன்றாடாதீர்கள். முப்பது அடியிலிருந்து மூன்றடிக்குள் கொண்டுவந்து நிறுத்தப் பழகுங்கள். மூன்று பட் குறைவது அப்படித்தான்.

அடுத்த சில ரவுண்டுகளுக்கு அட்டையின் ஓரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் குறித்து வாருங்கள்: ட்ரிபிளும் அதற்கு மேலும் எத்தனை. மொத்த ஸ்கோர் நாளுக்கு நாள் ஆடும், இந்த எண் பொய் சொல்லாது. கிளப்பில் ஸ்டேபிள்ஃபோர்டு முறையிலும் ஆடுவார்கள். ஹோலுக்கு ஹோல் புள்ளி தரும் அந்த முறையில் ஹேண்டிகேப்புக்கு ஆடினால் 36 புள்ளி. உங்களுக்கு 32 வந்தால் அது வழக்கமான நாள்தான்.

இனி அந்தப் போட்டி

எதிராளியின் 12, உங்கள் மைதானத்தில் 12-ஆகவே வரும். உங்களுடையது 28. தனிநபர் மேட்ச் ப்ளேயில் முழு வித்தியாசமும் கொடுப்பது வழக்கம், ஆகவே மிகக் கடினமான பதினாறு ஹோல்களில் உங்களுக்கு ஒரு ஷாட் கழிவு. அவர் அங்கே பார் எடுத்தால் உங்கள் போகி அதற்குச் சமம். அவர் போகி எடுத்தால் உங்கள் போகி ஹோலை வெல்கிறது. ஹேண்டிகேப் 12 உள்ளவர் நிறைய போகி எடுப்பவர் என்பதை மேலே உள்ள பட்டியலே சொல்கிறது.

இன்னொரு சாதகமும் உங்கள் பக்கம். உங்களைக் கெடுப்பது ட்ரிபிள் போகிகள் என்று பார்த்தோம். ஸ்ட்ரோக் ப்ளேயில் ஒரு ஹோலில் பத்து அடித்தால் அது கடைசிவரை அட்டையில் நிற்கும். மேட்ச் ப்ளேயில் நாலு அதிகமானாலும் எட்டு அதிகமானாலும் தோற்பது ஒரே ஹோல்தான். பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். உங்கள் பலவீனத்துக்கு மிகக் குறைந்த அபராதம் விதிக்கும் ஆட்டம் இதுதான், பெயரைக் கொடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் எந்தப் பதினாறு ஹோல்களில் ஷாட் கிடைக்கிறது என்று அட்டையில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி அனுபவசாலி என்றால் அதைத்தான் முதலில் பார்ப்பார்.